பேராக் மனிதனின் எலும்புகள் கூறும் செய்தி

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சாரைக் கடந்து, கிரிக் செல்லும் சாலையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் லெங்கோங் என்னும் சிற்றூரை அடையலாம். பேராக் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. அவற்றினிடையே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஈப்போவில் கல்லுமலைக் கோயிலைக் கண்டு வழிபட்டவர்களுக்கு இக்குன்றுகளின் தோற்றம் புதிதன்று. மழைநீர் சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குடைவதால் இத்தகைய குன்றுகளில் குகைகள் உண்டாகின்றன.

லெங்கோங்கின் குன்றுகளுள் ஒன்றுக்கு மலாய் மக்கள் இட்ட பெயர் புக்கிட் கெப்பாலா காஜா. 'யானைத்தலைக் குன்று' என்பது அதன் பொருள். அங்குள்ள குகைகளுள் ஒன்றன் பெயர் குவா குனோங் ருந்து. இக்குகையில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலார், பேராசிரியை சுரைனா மஜீத் அவர்களின் தலைமையில் 1990-91ஆம் ஆண்டுகளில் அகழாய்வு செய்தனர். அப்போது மண்ணுக்கடியில் ஒரு மனித எலும்புக்கூடு அநேகமாக முழுமையாகவே கிடைத்தது. உடன் புதைந்திருந்த பொருள்களைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவ்வுடல் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டது என்று தெரிந்தது. அந்த எலும்புக்கூட்டுக்கு உரியவனே 'பேராக் மனிதன்' என்று உலகெங்கும் அறியப்படுகிறான்.

இம்மனிதன் எத்தகைய உடலமைப்பு உடையவன்? என்ன உண்டான்? எப்படி வாழ்ந்தான்? அவனைச் சூழ்ந்திருந்தோர் அவனை எவ்வாறு நடத்தினர்? எழுத்தே தோன்றாத காலத்தவனைப் பற்றிய இவ்வினாக்களுக்கு எலும்புகளே விடை கூறவேண்டும். அவை எவ்வளவு கூறுகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதை ஆராய்வோம்.

காலத்தை அளந்து பார்த்தல்

'ஆதி மனிதன்' என்றவுடன், கூனிய முதுகும் உடலெல்லாம் மயிரும் கையில் தடியும் உடைய ஓர் உருவமே மாணவர் மனத்தில் எழுகின்றது. பேராக் மனிதனையும் அவ்வுருவத்தோடு சேர்த்துப் படம் வரைந்துவிடுகின்றனர். இப்பிழை காலத்தின் நீளத்தை உணராமையால் வருவது.

பள்ளித் திடலில் ஓர் அளவுநாடாவை விரித்து, ஒரு மீட்டரை ஆயிரம் ஆண்டுகளாகக் கொள்க. கோலகங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டது 1877ஆம் ஆண்டில். அந்த நாடாவில் அது சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. சங்க இலக்கியக் காலம் இரண்டு மீட்டர். பேராக் மனிதன் நிற்பது பத்து மீட்டருக்குச் சற்று அப்பால். ஒரு வகுப்பறையின் நீளம் என்று கூறலாம். நம்மைப் போன்ற மனித இனத்தின், அஃதாவது ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின், மிகப் பழைய எலும்புகள் மொராக்கோ நாட்டில் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. நாடாவில் முந்நூறு மீட்டர்.

சாவகத் தீவில் திரினில் என்னுமிடத்தில் டச்சு மருத்துவர் யூஜீன் டுபுவா 1891இல் ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியையும், மறு ஆண்டில் ஒரு தொடை எலும்பையும் கண்டெடுத்தார். 'ஜாவா மனிதன்' எனப் புகழ்பெற்ற அவ்வுயிர் இன்று ஹோமோ எரெக்டஸ், அஃதாவது 'நிமிர்ந்த மனிதன்', என்னும் இனத்துள் வைத்து எண்ணப்படுகிறது. அந்த மண்டையோட்டின் மூளைக் கொள்ளளவு 900 கன சென்டிமீட்டர் அளவினது. இன்றைய மனிதனுக்குச் சராசரியாக 1,350 உண்டு. கண்களுக்கு மேலே தடித்த எலும்பு மேடும், தாழ்ந்து பின்வாங்கிய நெற்றியும் அவ்வினத்தின் அடையாளங்கள். சாவகத்தின் சங்கிரான் பகுதியில் கிடைத்த அவ்வினத்தாரின் மிகப் பழைய எலும்புகளுக்கு 13 இலட்சம் ஆண்டுகள் அல்லது அதற்குச் சற்று மேல் கணிக்கின்றனர். நம் நாடாவில் அவர்கள் நிற்குமிடம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால்.

ஜாவா மனிதன் அடுத்த ஊரில் நிற்கின்றான். பேராக் மனிதன் நம் வகுப்பறைக்குள்ளேயே நிற்கின்றான். அவன் முற்ற முற்ற நம் இனத்தவன். இன்றைய உடையணிந்து ஈப்போச் சந்தையில் நடந்து சென்றால், அவனை வேற்றினத்து உயிரென்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எலும்பில்லாத கருவிகள்

பேராக் மனிதனுக்கு முன்பே லெங்கோங் பள்ளத்தாக்கில் மனிதர் வாழ்ந்தனர். அவர்களுடைய கற்கருவிகள் கிடைத்துள்ளன. அக்கருவிகளைச் செய்தவர்களின் எலும்புகள் கிடைக்கவில்லை.

கோத்தா தம்பான் என்னுமிடத்தில் சிங்கப்பூர் ராபிள்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த காலிங்ஸ் 1938இல் கற்கருவிகளைக் கண்டறிந்தார். 1954இல் ஆன் சீவ்கிங் அம்மையார் அங்கு அகழ்ந்தார். பிறகு சுரைனா மஜீத் குழுவினர் 1987இல் விரிவாக ஆய்ந்து, அவ்விடம் ஒரு கற்பட்டறை என்று நிறுவினர். அடைகல், சம்மட்டிக்கல், உடைத்தெடுத்த சில்லுகள் ஆகிய அனைத்தும் வேலை செய்தவர் வைத்த நிலையிலேயே கிடந்தன. அங்குள்ள எரிமலைச் சாம்பலுக்கு முதலில் 31,000 ஆண்டு என்று காலம் கணித்தனர். அது சுமத்திராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது கக்கிய சாம்பல் என்று பின்னர்க் கொண்டனர். தோபாவின் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி ஆந்திரத்தின் ஜுவாலாபுரம் வரை படிந்துள்ளது.

இதற்கு அண்மையில் உள்ள புக்கிட் புனோ என்னும் இடத்தில் விண்கல் மோதியதால் உருகி இறுகிய பாறைக்குள் கற்கோடரிகள் சிக்கியுள்ளன என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. அப்பாறைக்குக் கணித்த காலம் 18 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகள். ஆயினும் அக்கணக்கில் முன்னும் பின்னும் 6 இலட்சத்து 10 ஆயிரம் ஆண்டுகள் பிழைக்கு இடம் உண்டு என்பதையும் ஆய்வாளர் உடன் குறித்தனர். பிழைக்கு இடம் இவ்வளவு பெரிதாக இருப்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளத் தயங்கும் அறிஞரும் உளர். வகுப்பில் முதல் எண்ணைச் சொல்லும் ஆசிரியர் இரண்டாம் எண்ணையும் சேர்த்தே சொல்வது முறை.

தமிழ்நாட்டின் நிலையும் இதை ஒத்ததே. ராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியலார் 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அத்திரம்பாக்கக் கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்டனர். அங்கும் கருவி உண்டு. கருவி செய்த மனிதனின் எலும்பு இல்லை. வெப்பமும் மழையும் மிகுந்த நிலங்களில் எலும்பு எளிதில் அழிந்துவிடும். பேராக் மனிதனின் உடல் காற்றும் மழையும் தாக்காத சுண்ணாம்புக் குகையில், ஓடுகளின் நடுவே வைக்கப்பட்டமையால் பிழைத்தது. அவனை அடக்கியவர்கள் தாம் அறியாமலேயே அவனை நமக்காகக் காத்து வைத்தனர்.

உடற்கூறு

ஓர் எலும்புக்கூட்டிலிருந்து ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பின் அகலமும் அமைப்பும் கூறும். வயதைப் பல்லின் தேய்வும் மூட்டுகளின் நிலையும் கூறும். உயரத்தைக் கைகால்களின் நீண்ட எலும்புகளை அளந்து கணக்கிடலாம். இவ்வாறு ஆராய்ந்ததில் பேராக் மனிதன் ஓர் ஆண் என்றும், இறந்தபோது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினன் என்றும், உயரம் 155 சென்டிமீட்டர் அளவு என்றும் அறிந்தனர். நம் கணக்கில் ஐந்தடி ஓரங்குலம். மருத்துவமனையும் மருந்தும் இல்லாத அக்காலத்தில் இவ்வயதை எட்டியவன் தன் கூட்டத்துள் முதியவர் வரிசையிலேயே இருந்திருப்பான்.

மண்டையோடும் பற்களும் அவனை ஆஸ்திரேலியப் பழங்குடியினரோடும் மெலனேசியத் தீவினரோடும் ஒப்புமை உடையவனாகக் காட்டுகின்றன. இது வியப்பன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீர் பெரும்பனியாக உறைந்திருந்தபோது கடல்மட்டம் இன்றைக்குள்ளதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. தீபகற்பம், சுமத்திரா, சாவகம், போர்னியோ ஆகியவை ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. சுந்தா நிலம் என்பது அதன் பெயர். பேராக் மனிதனின் காலத்தில் பனி உருகிக் கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஆயினும் இன்றைய மட்டத்தை இன்னும் எட்டவில்லை. அவனுடைய முன்னோர் அந்தப் பரந்த நிலத்தில் நடந்து திரிந்தவர்கள்.

வாழ்க்கை முறை

அவன் காலத்தில் இத்தீபகற்பத்தில் வேளாண்மை இல்லை, மட்பாண்டம் இல்லை, உலோகம் இல்லை. நெல்லும் பானையும் இங்கு வந்தது ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே. வேட்டையும் மீன்பிடிப்பும் கிழங்கும் கனியும் சேர்த்தலுமே பிழைப்பு. கருவிகளுக்கு மலைமலையாகத் தேடவேண்டிய தேவை இல்லை. பேராக் ஆறு உருட்டிக்கொணர்ந்த கூழாங்கற்களே போதும். ஒரு கல்லால் மற்றொரு கல்லைத் தட்டி, ஓரத்தைக் கூராக்கிக் கொண்டனர்.

குகையில் பெருவாரியாகக் கிடைத்தவை சுருள் வடிவான ஆற்று நத்தையின் ஓடுகள். இந்நத்தை இன்றும் பேராக்கின் ஓடைகளில் உண்டு. கம்பத்து மக்கள் அதன் வால்நுனியை நறுக்கித் தேங்காய்ப் பாலில் சமைத்து, வாயால் உறிஞ்சி உண்பர். 'சிப்புட் செடுட்' என்று அவர்கள் கூறும் உணவு அதுவே. பத்தாயிரம் ஆண்டுகளாக ஒரே பள்ளத்தாக்கில் ஒரே ஓடையிலிருந்து எடுத்து உண்ணப்படும் உணவு உலகில் வேறெத்தனை இருக்கும்! இதனோடு காட்டு விலங்குகளின் எலும்புகளும் குகையில் கிடைத்தன. ஆறும் காடும் இருபுறம் நின்று ஊட்டிய வாழ்வு அது.

இடக்கை

பேராக் மனிதனின் உடலில் ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தியது அவனுடைய இடக்கை. விரலின் நடு எலும்பு வளராமல் குறுகிப்போகும் ஒரு பிறவிக்குறை உண்டு. மருத்துவ நூலார் அதனைப் பிராக்கிமீசோபலாஞ்சியா என்பர். அதன் 'ஏ-2' வகை இவனிடம் காணப்பட்டது. பரம்பரையாக வருவது இக்குறை. வரலாற்றுக்கு முற்பட்ட மனித எலும்புகளுள் இக்குறை கண்டறியப்பட்டது இவனிடத்தேதான் என்று இவனை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். விரல்களோடு நில்லாமல், இடத்தோளும் கையும் வலப்புறத்தைவிடச் சிறுத்திருந்தன. இயங்காத உறுப்பு மெலியும் என்பது நாம் அறிந்ததே.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. கையே கருவியாகவும் கருவியே உணவாகவும் இருந்த வாழ்வில், ஒரு கை குறைபட்ட குழந்தை எவ்வாறு வளர்ந்தது? எவ்வாறு நாற்பது வயதைக் கடந்தது?

இதற்கு விடை கூறுமுன் இன்னொரு நாட்டுச் சான்றையும் நோக்குதல் நலம். ஈராக்கின் வடக்கே ஷானிடார் குகையில் ரால்ப் சொலெக்கி 1957இல் ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்புகளைக் கண்டெடுத்தார். பேராக் மனிதனுக்குப் பல பதினாயிரம் ஆண்டுகள் மூத்தவன் அவன். வேறு மனித இனத்தைச் சேர்ந்தவன். அவனுடைய வலக்கை சூம்பியிருந்தது. முகத்தில் பட்ட அடியால் ஒரு கண் பார்வை கெட்டிருக்கவேண்டும். அவனும் நாற்பதாண்டு அளவு வாழ்ந்தான். காயங்கள் ஆறிய தழும்பு எலும்பிலேயே தெரிகின்றது. பிறர் உதவியின்றி அவன் பிழைத்திருக்க இயலாது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பேராக் மனிதனைப் பற்றி நாம் அளவோடு பேசவேண்டும். அவனுடைய வலக்கை நன்றாக இருந்தது. கால்கள் அவனைத் தாங்கின. ஆகவே அவன் ஆயுள் முழுவதும் பிறர் ஊட்ட உண்டு கிடந்தான் என்று சொல்ல எலும்பு இடங்கொடுக்கவில்லை. வலக்கையால் அவன் பல வேலைகளைச் செய்திருக்கக் கூடும். ஆனால் ஒன்று உறுதி. இக்குறை பிறவியிலேயே வந்தது. பிறந்த நாளிலேயே அக்குழந்தையின் விரல்களைத் தாய் பார்த்திருப்பாள், கூட்டத்தாரும் பார்த்திருப்பர். பார்த்தும் அவனை விலக்கவில்லை, வளர்த்தனர். இடம்விட்டு இடம் பெயரும்போது உடன் அழைத்துச் சென்றனர். இரண்டு கையாலும் வேட்டையாடியவர்களுக்கு உரிய பங்கு அவனுக்கும் கிடைத்தது. இல்லையேல் நாற்பது ஆண்டு இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்பவனுக்கே அன்றைய பேர் உண்டு. பேர் இல்லையேல் கூலி இல்லை. மரம் வெட்டக் கை நடுங்கியவனை அந்தப் பெரட்டுப் புத்தகம் எண்ணவில்லை. அவனுக்குச் சோறிட்டது அவனுடைய லயத்து வீடும் அண்டை வீடுமே. ஒரு கூட்டம் மனிதனை உழைப்பின் அளவால் மட்டுமே எண்ணுகின்றதா, வேறு அளவும் வைத்திருக்கின்றதா என்பது பழங்காலத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

அடக்கம் செய்த முறை

பேராக் மனிதனின் கூட்டம் வேறு அளவும் வைத்திருந்தது என்பதற்கு அவனுடைய அடக்கமே சான்று. கருவிலிருக்கும் குழந்தையைப் போலக் கால்களை மார்பை நோக்கி மடக்கி, கைகளையும் மடித்து அவனைக் கிடத்தினர். அருகில் கற்கருவிகளை வைத்தனர். விலங்கிறைச்சியை வைத்தனர், இறைச்சி மறைந்து எலும்பு எஞ்சியது. ஆயிரக்கணக்கான நத்தை ஓடுகள் உடலைச் சூழ்ந்திருந்தன. ஆற்றிலிருந்து இவ்வளவு நத்தையைச் சேர்த்துக் குன்றின்மேல் கொண்டுவருதல் ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலையன்று.

இறந்தவனோடு உணவையும் கருவியையும் வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகளில் இரும்புக் கருவிகளும், நெல், தினை முதலியவற்றின் உமியும் காணப்பட்டன. அவை இரும்புக் காலத்தவை. பேராக் மனிதனுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிற்பட்டவை. இரண்டு மக்களுக்கும் தொடர்பு இருந்தது என்று கூறவேண்டுவதில்லை. இறந்தவன் பசியோடு போகக்கூடாது என்னும் எண்ணம் வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு காலங்களில் தானே எழுந்துள்ளது என்பதே கருதத்தக்கது.

இத்தனை சிறப்போடு அடக்கப்பட்டமையால் அவன் தலைவனாகவோ மந்திரம் அறிந்த பெரியவனாகவோ இருந்திருக்கலாம் என்பாரும் உளர். இருந்திருக்கலாம். ஆனால் பதவி எலும்பில் பதிவதில்லை. கை குறைபட்ட அம்முதியவன் கூட்டத்தாரின் மதிப்பைப் பெற்றிருந்தான் என்பது வரையில் குகை கூறுகின்றது. அதற்கு அப்பால் நம் கற்பனையே.

இன்றைய உறவினர்

பேராக் மனிதனின் காலத்தைச் சார்ந்த வேட்டை மக்களின் பண்பாட்டை, வியட்நாமின் ஓர் ஊர்ப் பெயரால் ஹோபின்ஹியப் பண்பாடு என்பர். அம்மக்களின் வழியினர் யார்? கிளாந்தானின் குவா சா குகையிலும் லாவோஸ் நாட்டின் ஃபா ஃபேன் குகையிலும் கிடைத்த பழைய எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வெளியிட்டனர். அவர்களுக்கு நெருங்கியவர்களாகக் காணப்பட்டோருள் அந்தமான் தீவின் ஓங்கே மக்களும், மலேசியாவின் ஜஹாய் மக்களும் உளர். ஜஹாய் மக்கள் பேராக்கின் வடகோடியில் பெலும் காட்டுப் பகுதியில் வாழ்பவர்கள். லெங்கோங் வட்டாரத்திலேயே லானோ என்னும் பழங்குடியினர் உள்ளனர்.

ஆகவே இப்பள்ளத்தாக்கின் வரலாற்றை அரும்பொருளகக் கண்ணாடிப் பேழைக்குள் முடிந்துபோன கதையாகச் சொல்லுதல் பொருந்தாது. அதன் பழைய உறவினர் இன்றும் நம் மாநிலத்தில் உள்ளனர். அவர்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்று விளையாட்டாகக் கூறும் மாணவனுக்கு, இந்நாட்டில் முதலில் குடியிருந்தோர் வழிவந்தவர் அவர்களே என்பதை ஆசிரியர் எடுத்துரைத்தல் கடமை.

லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பேராக்கிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கு அது ஒரு நாட்பயணத் தொலைவே. ஆசிரியர்கள் மாணவரை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்லலாம். செல்லுமுன் பள்ளித் திடலில் அளவுநாடாவை விரித்துக் காலத்தைக் காட்டுக. சென்றபின் ஒரு வினாவை மட்டும் கேட்டு எழுதச் சொல்லுக: 'இந்த மனிதனைப் பற்றி எது எலும்பு சொன்னது, எது நாம் சொல்வது?' இரண்டையும் பிரித்தெழுதும் மாணவன் வரலாறு கற்கத் தொடங்கிவிட்டான். அவன் எழுதும் முதற்பகுதியில் ஒரு வரி தவறாமல் இருக்கவேண்டும்: குறைபட்ட கையோடு பிறந்த அக்குழந்தையை அவன் மக்கள் வளர்த்தார்கள், முதியவனாக இறந்தபோது உணவு வைத்து அடக்கம் செய்தார்கள்.